எடைக்கு வாங்கிய 14 கிலோவும் காணாமல் போன இரண்டாம் பாகமும்

#1 பழுப்புத்தாள் (சென்னை)

போன ஞாயிறு காலை திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் இரண்டு மணி நேரம் குனிந்து குனிந்து தேடியும் ஒன்றும் சிக்கவில்லை. என்ஜினியரிங் நோட்ஸும் போட்டித் தேர்வு கைடுகளும்தான் மலை மலையாகக் கிடந்தன. ரத்னா கபேயில் சாம்பாரில் மூழ்கிய இட்லியைச் சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி ஒரு காயலான் கடை. அங்கே தராசுத் தட்டில், இரும்புக் கம்பிக்கும் பிளாஸ்டிக் குடத்துக்கும் நடுவில், கயிறு போட்டுக் கட்டிய புத்தகக் கட்டு ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.

கிலோ 20 ரூபாய். 14 கிலோ. 280 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு, கட்டை அவிழ்த்துப் பார்க்காமலே ஆட்டோ பிடித்தேன். (ஆட்டோவுக்கு 60 ரூபாய். வீட்டில் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை.)

உள்ளே இருந்தவை: பள்ளிக்கூட உரைநூல்கள் ஆறு, மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் கெட்டி அட்டைப் புத்தகங்கள் நான்கு, பழைய ராணி முத்து பதினொன்று, மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட சங்க நூல் ஒன்று. அப்புறம் நீலக் காலிகோ துணி அட்டை போட்ட இரண்டு தடிமனான பைண்டு. வார இதழில் வந்த ஒரு தொடர்கதையை வாரா வாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்தது. முதுகில் பேனாவால் 1 என்றும் 3 என்றும் எழுதியிருக்கிறது. 2 இல்லை. தலைப்புப் பக்கமும் இல்லை, தேதியும் இல்லை. ஆனால் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் படம் இருக்கிறது. இந்தக் கதை புத்தகமாகக் கடைகளில் கிடைக்கிறது, ஒரு படம்கூட இல்லாமல்.

தொடரின் பெயரை இங்கே சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கே யாராவது இரண்டாம் பாகத்தை ‘மிக அரியது’ என்று போட்டுப் பத்தாயிரம் கேட்பார்கள். எனக்கு வேண்டியது இரண்டு விஷயம். இது எந்த வருஷம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தையல் விட்டுப்போயிருக்கிறது, திரும்ப பைண்டு பண்ணலாமா?

#2 மலைக்கோட்டை மணி (திருச்சி)

வாழ்த்துகள் சார். மெயின்கார்டு கேட் பக்கம் முப்பது வருஷமாகப் பொறுக்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எடைக்கு வாங்குகிற சந்தோஷம் விலைக்கு வாங்கும்போது வராது.

வருஷம் கண்டுபிடிக்க, கதையைப் படிக்காதீர்கள். பின்பக்கத்தைப் பாருங்கள். கிழித்த பக்கத்தின் மறுபுறம் விளம்பரம் இருக்கும். தைலம், சோப்பு, ஊதுபத்தி, எதுவாக இருந்தாலும் விலை போட்டிருக்கும். அணாவில் இருந்தால் 1957க்கு முந்தியது. அந்த வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதிதான் நூறு பைசாக் கணக்கு வந்தது. அதற்கப்புறம் ‘ந.பை.’ என்று போடுவார்கள், நயா பைசா. 1964இல் அந்த ‘நயா’வும் உதிர்ந்துவிட்டது. ஆக ‘ந.பை.’ இருந்தால் ஏழு வருஷத்துக்குள் பிடித்துவிடலாம்.

முழுப் புத்தகங்களுக்கும் இதே வழிதான். அட்டையில் ரூ. 2-8-0 என்று இருந்தால் ஏதோ கோடு எண் என்று நினைக்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு ரூபாய் எட்டணா, அவ்வளவுதான். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. வெறும் ‘சென்னை-17’ என்று முடிந்தால் அநேகமாக அதற்கு முந்தியது.

எழுத்தைப் பாருங்கள். ‘லை’, ‘னை’ எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி முன்னால் வளைந்திருந்தால் பழைய எழுத்து. அரசு சீர்திருத்தம் 1978 அக்டோபரில் வந்தது. ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். பெரியார் இயக்க வெளியீடுகள் 1935இலிருந்தே புது எழுத்தில் அச்சடித்தவை. அப்படி ஒரு சிறு வெளியீட்டை, புது எழுத்தாக இருக்கிறதே, எண்பதுகளில் வந்த மறுபதிப்பாக இருக்கும் என்று கைவிட்டுவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனால் இல்லை. இன்றைக்கும் அந்தக் கடையைத் தாண்டும்போது வயிறு எரிகிறது.

#3 பழுப்புத்தாள்

மணி சார், உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்! முதல் பாகத்தில் பார்த்த விளம்பரமெல்லாம் அணா. மூன்றாம் பாகத்தில் எல்லாம் ந.பை. அப்படியானால் நாணயம் மாறிய காலம் முழுக்க அந்தக் காணாமல் போன இரண்டாம் பாகத்துக்குள்தான் இருக்கிறது. நடுவில் எங்கோ ஒரு வாரம் அணாவும் நயா பைசாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கும். அதைப் பார்க்க வேண்டும் என்று இப்போது கதையைவிட அதிகமாக ஆசை வந்துவிட்டது.

#4 நிழற்பிரதி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து நடக்கிறது. கைப்பேசியில் ஒரு நூலகமே அடங்குகிற காலத்தில் 14 கிலோ தூசியை எதற்கு வீட்டுக்குள் கொண்டுவருகிறீர்கள்? எனக்கு ஆஸ்துமா. எங்கள் தாத்தாவின் அலமாரியைத் திறந்தாலே மூன்று நாள் படுக்கை. தேவை என்பது உள்ளே இருக்கும் எழுத்துதானே, தாள் இல்லையே?

#5 உக்கடம் ரவுண்டானா (கோவை)

நிழற்பிரதி, ஸ்கேன் பண்ணுவதற்கு முதலில் யாராவது ஒருவர் அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டுமே? அந்த மின்னூலகத்துப் பக்கங்களின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். யாரோ ஒரு வாத்தியாரின் கையெழுத்தும் ஏதோ ஒரு ஊர் வாசகசாலையின் முத்திரையும் தெரியும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். செட்டிநாட்டில் ஒரு வீட்டுக்குள் புத்தகம் மட்டுமா சேர்த்தார்? பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, மற்றவர்கள் குப்பை என்று வீசியதெல்லாம். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. சென்னையிலேயே நூலகமாக இருக்கிறது. இன்றைக்கு ஆராய்ச்சி செய்கிறவர்கள் போய் உட்காருவது அந்தக் ‘குப்பை’யின் முன்னால்தான். புதுக்கோட்டை ஞானாலயா நூலகமும் அப்படித்தான், கிருஷ்ணமூர்த்தி - டோரதி என்று ஒரு தம்பதி சம்பளக் காசில் வளர்த்தது.

ஆஸ்துமாவுக்கு என்னிடம் பதில் இல்லை. அது நியாயமான காரணம்.

#6 பைண்டர் மகன் (மதுரை)

பழுப்புத்தாள் அண்ணா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தயவுசெய்து அவசரப்பட்டு எந்தக் கடையிலும் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் அப்பா நாற்பது வருஷம் இந்தத் தொழில் செய்தவர். நான் பசை கிண்டி வளர்ந்தவன்.

இப்போது கொடுத்தால் முதலில் பழைய தையலை வெட்டி எறிவார்கள். பிறகு மூன்று பக்கமும் மெஷினில் கட்டிங் போடுவார்கள், பார்க்க நேர்த்தியாக இருக்கட்டும் என்று. ஒவ்வொரு பைண்டிங்குக்கும் கால் அங்குலம் போகும். உங்கள் பக்கங்கள் ஏற்கெனவே ஒரு தடவை கட்டிங் வாங்கியவை. இன்னொரு தடவை போட்டால் படத்தின் ஓரம் போகும், ஓரத்தில் யாராவது ஏதாவது எழுதியிருந்தால் அதுவும் போகும். அப்பாவிடம் ஒரு தமிழாசிரியர் தன் தொல்காப்பியத்தைக் கொண்டுவந்து, “கட்டிங் மட்டும் வேண்டாம் தம்பி, என் முப்பது வருஷம் அந்த ஓரத்தில் இருக்கிறது” என்றாராம். அதிலிருந்து அப்பா யார் வந்தாலும் கத்தியை வைப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்பார்.

சொல்ல வேண்டியது ‘கட்டிங் வேண்டாம், நூல் தையல் வேண்டும்’ என்று இரண்டே விஷயம். பக்கவாட்டில் கம்பி அடித்தால் புத்தகம் விரியாது. விரித்தால் தாள் ஒடியும். வார இதழ் தாள் மரக்கூழில் செய்த மட்டமான தாள், எங்கள் பாஷையில் சாணித்தாள். வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுத்துப் பழுத்து அப்பளமாகிவிடும். மாஸ்கோ புத்தகங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அது ஏன் இன்னும் வெள்ளையாக இருக்கிறது என்று புரியும். நல்ல தாள், பாரம் பாரமாக (பாரம் என்றால் பல பக்கங்கள் அச்சடித்த ஒரு பெரிய தாள்) மடித்து நூலில் தைத்தது.

கிழிசலுக்கு செல்லோ டேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். பத்து வருஷத்தில் டேப் உரிந்து போகும், பிசின் மஞ்சள் கறையாகத் தாளிலேயே தங்கிவிடும்.

(காலிகோ என்பது கோழிக்கோட்டுத் துணி, வெள்ளைக்காரன் வாயில் காலிகட் ஆகி அப்படியே துணிக்குப் பெயராகிவிட்டது. அப்பா இதை வருகிற எல்லோருக்கும் சொல்வார், நானும் சொல்லிவிட்டேன்.)

#7 நிழற்பிரதி

சரி, ஸ்கேன் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பூச்சி?

#8 மலைக்கோட்டை மணி

பூச்சி இல்லாத வீட்டு நூலகம் கிடையாது. வெள்ளி நிறத்தில் வழுக்கிக்கொண்டு ஓடுமே, ராமபாணம், அதற்குப் புத்தகத்தைவிடப் பசைதான் பிடிக்கும். மைதாப் பசை போட்ட முதுகிலிருந்து ஆரம்பிக்கும். அந்துருண்டை, வசம்பு, வேப்பிலை எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. வேப்பிலை சருகாகிக் கறை படிந்ததுதான் மிச்சம். துணிப்பையில் கட்டிய வசம்பு பரவாயில்லை.

நான் இப்போது செய்வது: எடைக்கு வாங்கியது எதுவானாலும் நேராக அலமாரிக்குப் போகாது. மொட்டைமாடி நிழலில் ஒரு நாள் (வெயிலில் வைக்கவே கூடாது, அட்டை வளையும்), பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டல், பிறகு பிளாஸ்டிக் பையில் காற்றை அமுக்கி வெளியேற்றி ஒட்டி, ஃப்ரிஜ்ஜின் ஃப்ரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வேர்த்து நனைந்துவிடும். என் மனைவி ஐஸ்கட்டித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பராமாயண உரையைப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் மூடிவிட்டாள். அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று இன்னும் தெரியவில்லை.

அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும்.

#9 பைண்டர் மகன்

மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்போம், பூச்சி வராமல் இருக்க. அது விஷம், அட்டைக்கு மட்டும்தான், எழுத்து இருக்கும் தாளில் படக்கூடாது. வீட்டில் குழந்தை இருந்தால் முயற்சி செய்ய வேண்டாம்.

#10 கும்பகோணம் பாட்டி

நான் பெரும்பாலும் படித்துவிட்டுப் போகிறவள், எழுதுவதில்லை. பேரன்தான் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தான், இந்தப் பெயரும் அவன் வைத்ததுதான். ஆனால் இங்கே எல்லோரும் ‘யாரோ கிழித்துச் சேர்த்தது’ என்று எழுதுகிறீர்கள். அந்த யாரோ நாங்கள்தான்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு பிரதி வரும். முதலில் அப்பா, பிறகு அம்மா, பிறகு அக்கா, கடைசியில் நான். அடுத்த இதழ் வந்தால்தான் முந்தின இதழைக் கிழிக்கலாம் என்று சட்டம். நடுவில் உள்ள கம்பியைக் கத்திமுனையால் நிமிர்த்தி, தாளை முழுதாக எடுக்க வேண்டும். இழுத்தால் அம்மா அடிப்பாள். எடுத்ததை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துப் படிய வைப்போம். ஒரு பக்கத்தில் நம் தொடர் முடியும், அதே தாளின் மறுபக்கத்தில் வேறு யாரோ எழுதிய சிறுகதை பாதியில் நிற்கும். அந்தப் பாதிக் கதைகள் எத்தனையோ எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கின்றன, முடிவு தெரியாமலே.

ஆறு மாதம் சேர்ந்தால் பைண்டர் வீட்டுக்கு வந்து வாங்கிப் போவார். பாகம் பாகமாகத் தெருவில் இரவல் போகும். முதல் பாகம் திரும்பி வந்துவிடும், ஏனென்றால் அதைக் கொடுத்தால்தான் இரண்டாவது கிடைக்கும். இரண்டாம் பாகம் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும் தம்பி. அதை வாங்கிப் போன குடும்பத்துக்கு மாற்றல் வந்திருக்கும். அப்போதெல்லாம் தாலுகா ஆபீஸ்காரர்களுக்கும் ரயில்வேக்காரர்களுக்கும் மாற்றல் வந்தால் ஒரே வாரத்தில் சாமான் ஏற்றிவிடுவார்கள். எங்கள் தெருப் புத்தகங்கள் விழுப்புரம், ஈரோடு என்று எல்லா ஊருக்கும் போயிருக்கின்றன.

#11 பழுப்புத்தாள்

அம்மா, உங்கள் பதிவை மூன்று தடவை படித்துவிட்டேன். பைண்டின் கடைசித் தாளில் மங்கலான பென்சிலில் ஒரு பட்டியல் இருக்கிறது. ‘மேல வீடு – வந்தது. டீச்சர் – வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் –’. அதற்கப்புறம் ஒன்றும் எழுதவில்லை. நேற்று வரை இது ஏதோ பால் கணக்கு என்று நினைத்திருந்தேன்.

#12 உக்கடம் ரவுண்டானா

அட! ஸ்டேஷன் மாஸ்டர்!

#13 வல்லிபுரம் (ரொறன்ரோ)

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கட வீடு வடமராட்சி. ஆனால் அம்மாவின் ஊர் யாழ்ப்பாண நகரம். அங்கே மாமாவின் புத்தக அலுமாரி இரண்டு இருந்தது. வீரகேசரிப் பிரசுரங்கள் வரிசையாக, மல்லிகை இதழ்கள் வருஷம் வருஷமாகக் கட்டி. 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் போயின என்று எல்லோருக்கும் தெரியும். மாமா அதற்குப் பிறகுதான் வெறிபிடித்த மாதிரிச் சேர்க்கத் தொடங்கினார் என்று அம்மா சொல்லுவா.

1995 ஒக்டோபர் கடைசியில், யுத்தத்தால், யாழ்ப்பாண நகரமும் சேர்ந்த வலிகாமம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டது. மாமாவின் சைக்கிளில் அரிசி, அம்மம்மா, மூன்று புத்தகம். எந்த மூன்று என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒன்று அகராதி, மற்ற இரண்டையும் இருட்டில் கைக்கு வந்ததை எடுத்தாராம். திரும்பிப் போனபோது அலுமாரியும் இல்லை, உள்ளே இருந்ததும் இல்லை.

நான் இங்கே சேர்ப்பது பெரும்பாலும் முதியவர்கள் வீடு மாறும்போது கொடுப்பவை. போன வருஷம் ஒருவர் தந்த பெட்டிக்குள், 90களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் அச்சான பத்திரிகைத் தாள் ஒன்று கிடந்தது. பொருளாதாரத் தடைக் காலம், அச்சுத்தாள் வராது. பள்ளிக்கூடக் கொப்பியின் கோடு போட்ட தாளில் செய்தி அடித்திருக்கிறார்கள். நீலக் கோட்டின் மேல் கறுப்பு எழுத்து. ‘நூலகம்’ தளத்தில் 2005 முதல் ஈழத்து நூல்களை ஏற்றி வருகிறார்கள், நானும் தேடுவது அங்கேதான், அது இல்லாவிட்டால் நாங்கள் எங்கே போவது? ஆனால் அந்தத் தாளைக் கையில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கும்போது தெரிகிற கோடு, அது வேறு.

#14 நிழற்பிரதி

வல்லிபுரம், இதற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அந்தத் தாளை ஸ்கேன் செய்தால் வண்ணத்தில் செய்யுங்கள், கறுப்பு வெள்ளையில் அந்த நீலக் கோடு காணாமல் போய்விடும். இந்த ஒரு விஷயமாவது எனக்குத் தெரியும்.

#15 தெருமுனை

நான் வேறொரு சங்கடத்தோடு வந்திருக்கிறேன். நடைபாதையில் ஒரு நல்ல நாவல், 40 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு ஊர்க் கிளை நூலக முத்திரை. ஊர் பெயர் வேண்டாம். கழிவு செய்ததற்கான முத்திரை எங்கும் இல்லை. திருட்டுப் பொருளை வாங்கிவிட்டேனா?

#16 மலைக்கோட்டை மணி

எனக்கும் இது நடந்திருக்கிறது. நேராக அந்த நூலகத்துக்கே எடுத்துப் போனேன். அங்கே இருந்தவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது எப்போதோ காணாமல் போனதில் எழுதித் தள்ளியாச்சு சார், இப்போ உள்ளே வாங்கினால் கணக்கு இடிக்கும்” என்றார். திருடனாகப் போய் வள்ளலாகத் திரும்பும் வாய்ப்பும் போயிற்று.

என் வழக்கம் இதுதான்: கழித்ததற்கான முத்திரை இருந்தால் தயங்காமல் வாங்குவேன். இல்லாவிட்டால், எங்கும் கிடைக்கிற புத்தகம் என்றால் தொடமாட்டேன். வேறெங்கும் கிடைக்காததாக இருந்தால் வாங்கி, நூலகத்தில் ஒரு தடவை கேட்டுவிடுவேன்.

#17 உக்கடம் ரவுண்டானா

மணி சார், ‘வேறெங்கும் கிடைக்காததாக இருந்தால்’ என்கிற இடத்தில்தான் எல்லாத் திருட்டும் ஆரம்பிக்கிறது! கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வாங்குகிறீர்கள் என்று தெரிந்தால் அடுத்த தடவை இன்னொன்று உருவப்படும். எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு.

வாடகை நூலக முத்திரை வேறு விஷயம். அவை மூடியபோது முறையாக விற்றுவிட்டுத்தான் போனார்கள். அந்தப் பிரதிகளில் ஒரு வேடிக்கை இருக்கும். ஏற்கெனவே படித்த நாவலைத் திரும்ப எடுத்துப் போகாமல் இருக்க, ஆளாளுக்கு ஒரு பக்கத்தில் அடையாளம் போட்டிருப்பார்கள். என்னிடம் இருக்கும் ஒன்றில் 50ஆம் பக்கத்தில் மட்டும் பதினேழு கையெழுத்து.

#18 மலைக்கோட்டை மணி

கோபமெல்லாம் இல்லை. சொன்னது உறைக்கிறது. யோசிக்கிறேன்.

#19 தெருமுனை

நானும் கேட்டுப் பார்க்கிறேன். இன்னொன்று, விலை. இணையத்தில் இப்போது எதற்கெடுத்தாலும் ‘அரிய நூல்’. 1972இல் வந்த முத்து காமிக்ஸ் முதல் இதழுக்கு அலைகிறவர்கள் இருக்கிறார்கள், சரி, அது உண்மையிலேயே அரிது. வாசகர் வட்டம் என்ற பழைய பதிப்பகத்தின் வெளியீடுகளுக்குக் கேட்கிறார்கள், அதுவும் சரி, அந்தக் கட்டமைப்புக்கே கொடுக்கலாம். போன வருஷம் வரை புத்தகக் காட்சியில் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் இந்த வருஷம் அரியதா?

#20 உக்கடம் ரவுண்டானா

நான் கொஞ்சம் விற்கவும் செய்கிறேன் என்பதால் என் பக்கத்தையும் சொல்கிறேன். ஒரு கட்டு எடுத்தால் அதில் பத்துக்கு ஒன்பது யாரும் தொடாது. அந்தப் பத்தாவதில்தான் வண்டி வாடகை, கடை வாடகை எல்லாம் வர வேண்டும். அதற்காகப் பத்தாயிரம் கேட்பதை நானும் ஏற்கவில்லை.

விலை குறைவாக வேண்டுமென்றால் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும்போது, உள்ளே போகாமல் எதிர்ப்பக்க நடைபாதையைப் பாருங்கள். ஊரிலுள்ள பழைய புத்தகக்காரர்கள் பலரும் அங்கே கடை விரிப்பார்கள். உள்ளே புதுப்பதிப்பு 500 ரூபாய், வெளியே அதே நூலின் முதல் பதிப்பு 50 ரூபாய், நானே பார்த்திருக்கிறேன். பழைய புத்தகக் கடைகள் நிறைந்த மூர் மார்க்கெட் 1985இல் எரிந்ததற்கு முன்னால் வருஷம் முழுக்க அப்படி இருந்தது என்பார்கள் பெரியவர்கள். நான் பார்த்தது பின்னால் வந்த அல்லிக்குளம் வளாகம்தான்.

#21 பழுப்புத்தாள்

மூன்று வாரம் ஆகிவிட்டது, நிலவரம் சொல்கிறேன்.

நிழற்பிரதி தனிமடலில் தொடரின் பெயரைக் கேட்டார். நம்பிச் சொன்னேன். மனிதர் ராத்திரி முழுக்க மின்னூலகங்களைத் துழாவி, எனக்கு வேண்டிய 26 வாரங்களில் ஒன்பது வாரத்தின் இதழ்களைக் கண்டுபிடித்து அனுப்பினார். தாளை வெறுத்த கையே தாளைத் தேடித் தந்தது! மணி சாரிடம் கட்டாத உதிரி இதழ்களாக எட்டு இருந்தன. ஃப்ரீசரில் வைத்து எடுத்து, கூரியரில் வந்தன. அதில் ஒன்றில் நான் ஆசைப்பட்டது இருக்கிறது: ஒரு ஊறுகாய் விளம்பரத்தில் நாலணா, அதற்குக் கீழே பொடி எழுத்தில் 25 ந.பை.

பைண்டர் மகன் சொன்னபடி எதையும் தைக்கவில்லை. ஒரு அட்டைப் பெட்டியில் இரண்டாம் பாகம் உதிரியாக இருக்கிறது, பிரிண்ட் எடுத்த பக்கங்களும் பழுப்புப் பக்கங்களும் கலந்து. இன்னும் ஒன்பது வாரம் இல்லை.

அந்த ஒன்பது வாரக் கதையையும் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம், தெரியும். ஆனால் கும்பகோணம் அம்மாவிடம் தனிமடலில் கேட்டேன். பெயரை நான் சொல்வதற்கு முன்பே அவர் கண்டுபிடித்துவிட்டார். படங்களை வாரம் வாரமாக எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறார். எந்தப் படத்தில் யார் எந்தத் தூணுக்குப் பின்னால் நின்றார்கள், புடவைக் கரை என்ன, அதுவரைக்கும். அம்மா, பதினான்காம் வாரம் மட்டும் இன்னும் வரவில்லை. நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.

#22 கும்பகோணம் பாட்டி

பதினான்காம் வாரம் எனக்கும் தெரியாது தம்பி. அந்த வாரம் அக்கா கல்யாணம். இதழ் வந்தது, யாரும் பிரிக்கக்கூட இல்லை. சமையல்காரர் எடுத்துப் போய் முறுக்கு மடித்துவிட்டார்.